வெளுத்த பிளக்

பக்கத்தைத் திருப்ப விரலை நாக்கில் வைக்க வேண்டியதில்லை ஐயா. சின்னக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் போதும், எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். காலையிலிருந்து நீங்கள் பதினேழு பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். பதினேழு மூலைகளும் லேசாகச் சுருங்கி நிற்கின்றன. கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள். போடுகிறேன். அந்த மூலையைத் தொடாமல் போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கே என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். டீ கொடுத்தீர்கள். டம்ளர் விளிம்பில் வேறு யாருடைய உதடோ பட்ட தடம் இருந்ததால் குடிக்கவில்லை. அதுவும் உங்கள் தவறில்லை.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். உங்கள் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், மேலிருந்து நாலாவது வரியில் என்னைப் பற்றி ஒரு பொய் இருக்கிறது. அதை அடிக்க வேண்டும். அதற்காக மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில் எனக்குத் தயக்கமில்லை.

நான் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடம். கீழே பட்டறை, மேலே வீடு. என் பட்டறைத் தரையில் இலை போடாமலே சாப்பிடலாம் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். கையுறை இல்லாமல் நான் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டேன். அதனால் எனக்கு ‘டாக்டர்’ என்று பெயர். எதிர்க்கடைத் தையல்காரர் வைத்தது. தெருவில் இன்று என் உண்மையான பெயர் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

பிளக் என்பது விரல் நீளச் சாமான். இன்ஜினின் தலையில் திருகியிருக்கும். அதன் உள்முனையில் மயிரிழை போல ஓர் இடைவெளி உண்டு. பொறி அதைத் தாண்டினால் பெட்ரோல் எரியும். தாண்டாவிட்டால் வண்டி விக்கும். அந்த விக்கலை நாங்கள் மிஸ்ஸிங் என்போம். மிஸ்ஸிங் என்று வண்டி வந்தால் நான் முதலில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பேன். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் உள்ளே எல்லாம் நலம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் முழுசாக எரியவில்லை. ஈரமாக மினுங்கினால் ஆயில். வெள்ளையாக வெளுத்திருந்தால் உள்ளே சூடு எல்லை மீறிவிட்டது, உடனே கவனிக்க வேண்டும்.

வண்டியை ஓட்டுகிறவனின் குணமும் பிளக்கில் படியும் என்பது என் அனுபவம். பதற்றக்காரன் பிளக் ஒரு மாதிரி, கஞ்சன் பிளக் ஒரு மாதிரி. இதுவரை என் கணக்கு பொய்த்ததில்லை. உங்கள் இலாகாவின் வண்டி நிபுணர், அந்தப் பெரிய மீசைக்காரர், பொய்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதியதுதான் அந்த நாலாவது வரி.

அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயசு, தங்கைக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டால் தங்கை நேரே பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட ஆயில் டின் மேல் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித்தர எனக்குத் தோன்றியதில்லை. கழற்றிய பிளக்குகளைத் துடைத்துக் கையில் கொடுப்பேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள்.

“அண்ணா, இது பிஸ்கட். இது அடுப்புக்கரி. இதுக்குச் சளி.”

வெளுத்த பிளக்குக்கு அவள் வைத்த பெயர் காய்ச்சல். “அண்ணா, இந்த வண்டிக்குக் காய்ச்சல். ஊசி போடு” என்பாள். பெரியவளான பிறகும் அந்தப் பழக்கம் எங்களுக்குள் நின்றது. அவளிடம் காட்டாமல் ஒரு பிளக்கை நான் குப்பையில் போட்டதில்லை. சமையல் செய்துகொண்டிருந்தாலும் கையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். அப்போதெல்லாம் கையைத் துடைத்துவிட்டுத்தான் வருவாள்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது தண்ணீர் மீட்டர் பார்க்க. அவருக்கு அதுதான் வேலை. வாசலில் மீட்டர் பதித்த குழி சேறு கட்டிக் கிடந்தது. ஒரு குச்சியால் கிளறியிருக்கலாம். அவர் முழங்கை வரை கையை விட்டு, செத்துப்போன தவளை ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கி, “இவர்தாங்க இத்தனை நாள் உங்க தண்ணியைக் குடிச்சவர்” என்றார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் அன்றைக்கு அந்த வாசல்படியை நாலு தடவை கழுவினேன்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்கமாட்டார். அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை, கை ஓங்கியதில்லை. நான் அவளைப் பிரிய வேண்டாம் என்று அவராகவே எங்கள் வீட்டிலேயே குடிவந்தார். ஆனால் குளியலறைச் சோப்பில் தினமும் ஒரு சுருட்டை முடி ஒட்டியிருக்கும். நான் ஊசியால் எடுப்பேன், மறுநாள் இன்னொன்று இருக்கும். நகத்தைப் பல்லால் கடித்து நின்ற இடத்திலேயே துப்புவார். காலையில் என் செருப்புக்குள் பிறை மாதிரி ஒரு துண்டு கிடக்கும். உள்ளங்கையில் தும்மிவிட்டு அதே கையால் “என்ன மச்சான்” என்று என் தோளில் தட்டுவார். அன்பாகத்தான் தட்டுவார். அந்த ஈரம் சட்டையைத் தாண்டித் தோலுக்கு வரும்.

ஃபீலர் கேஜ் என்று ஒரு கருவி உண்டு. மெல்லிய இரும்புத் தகடுகளை விசிறி மாதிரிக் கோத்திருக்கும். பிளக் முனையின் இடைவெளியை அளக்க அதுதான் வேண்டும். என்னுடையதை எண்ணெய்த் துணியில் சுற்றி, தகர டப்பாவுக்குள் வைத்திருப்பேன். ஒரு மத்தியானம் மாடிக்குப் போனால், மாப்பிள்ளை அதை விரித்து வைத்துக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

“மச்சான், இந்த ரெண்டாவது தகடு இருக்கே, கடைவாய்க்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

“அது பிளக்குக்கு, மாப்பிள்ளை.”

“பல்லும் பிளக்கும் ஒண்ணுதானே? ரெண்டும் அடைச்சுக்கிட்டா வண்டி ஓடாது.”

தங்கை சுவரில் சாய்ந்து சிரித்தாள். “அண்ணா மூஞ்சியைப் பாருங்க. இப்ப அதைக் கொண்டுபோய் வெந்நீர்ல போடப்போறாரு.”

வெந்நீரில்தான் போட்டேன். மூன்று தடவை. பிறகும் அந்த இரண்டாவது தகட்டை என்னால் உபயோகிக்க முடியவில்லை. அதன் ஓரத்தில் ஏதோ வெளுப்பாகத் தெரிகிற மாதிரியே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் அருவருப்பாக இருந்தது.

அவரிடம் நீல டாங்கி வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்தது, பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றுகிற ரகம். கல்யாணமாகி வந்த புதிதில் அது நன்றாகத்தான் ஓடியது. நான் பராமரிக்க ஆரம்பித்து இரண்டு மாதத்தில் மிஸ்ஸிங் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, “மச்சான், இவனுக்கு மறுபடியும் இருமல்” என்பார். பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக, வழவழவென்று இருக்கும். நோயாளி படுக்கைக்குக் கீழே வைத்திருக்கும் கிண்ணத்தை எடுத்துப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இடுக்கியால் பிடித்துத்தான் பெட்ரோலில் போடுவேன்.

ஒரு மிஸ்ஸிங்குக்கு என்னென்ன பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்த்தேன். பிளக் மூடியை மாற்றினேன். ஒயரை மாற்றினேன், காயிலை மாற்றினேன். காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்புகிற கார்ப்ரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு துளையிலும் காற்று ஊதினேன். அவர் போகிற தெருக்கள் எப்படிப்பட்டவை என்று தெரியுமே, அதனால் வண்டி என் கைக்கு வந்த நாளிலிருந்தே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காற்று வடிகட்டியின் பஞ்சை வெளியே எடுத்து, பெட்ரோலில் கழுவி, சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஆயிலில் தோய்த்துப் போட்டேன். தூசியைப் பிடிப்பது அந்த ஆயில்தான். மற்ற வண்டிகளுக்கு விடுவதைப் போல மூன்று மடங்கு விட்டேன். அந்த வண்டிக்குள் வெளி அழுக்கு ஒரு பொட்டுகூடப் போகக் கூடாது என்று நினைத்தேன்.

எல்லாம் செய்தும் மிஸ்ஸிங் போகவில்லை. அப்படியானால் மிச்சமிருப்பது ஓட்டுகிறவர் மட்டும்தானே? காலையில் ஸ்டார்ட் பண்ணப் போட்ட சோக்கை எடுத்துவிட மறப்பார். ஆயில் டப்பாவை மூடாமல் வைப்பார். பெட்ரோலையும் ஆயிலையும் கலக்க ஒருமுறை விரலை விட்டுக் கலக்கியதை நானே பார்த்தேன். அந்த மனிதரிலிருந்து வண்டிக்குள் அழுக்கு ஊறுகிறது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

வண்டியோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

தங்கை அவர் தட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். இருவருக்கும் ஒரே சீப்பு. விரலை நக்கிவிட்டு அதே விரலால் உப்பு எடுத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும், “என்ன அண்ணா, என் விரல்தானே” என்றாள். ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல அந்தக் கறுத்த பிளக்கை அவளிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி, அதன் மேல் துப்பி, இடுப்புத் துணியில் அழுத்தித் தேய்த்து என்னிடம் நீட்டினாள்.

“இந்தா, பிஸ்கட் ஆயிடுச்சு.”

“அடிப்பாவி, மச்சான் மயக்கம் போட்டு விழுந்துடப்போறாரு. தண்ணி கொண்டா, தண்ணி” என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். கொடுத்த பிளக்கை இடுக்கியால் வாங்கிக்கொண்டேன். ஒன்பது வயசிலிருந்து நான் கழுவி, வாரி, துடைத்து வளர்த்த பெண். அவள் எச்சில் அந்தக் கரியில் கலந்து பளபளத்தது. எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. கோபக்காரன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அழுகிய பழத்தைத் தொட்டுவிட்டால் கையை உதறுவோமே, அப்படி ஓர் உதறல் உள்ளுக்குள் வந்தது. அது அப்புறம் நிற்கவே இல்லை.

அடுத்த மாதம் தண்ணீர் இலாகா மாப்பிள்ளையை ஏரிக்கரை நீரேற்று நிலையத்துக்கு மாற்றியது. நாற்பது கிலோமீட்டர். வளைவே இல்லாத சாலை, கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். அங்கே குடியிருக்க ஒரு வீடும் கொடுத்தார்கள். சேதியைச் சொல்லத் தங்கை படியிறங்கி ஓடிவந்தாள்.

“அண்ணா, பின்னாடி தோட்டம் வேற இருக்காம். லீவு நாள்ல நீயும் வந்து இரு.”

“நீயும் போறியா?”

“இது என்ன கேள்வி? புருஷன் போனா போகாம, இங்க உக்காந்து பிளக்கா எண்ணிக்கிட்டிருப்பேன்? உனக்கும் நிம்மதிதான். சோப்புல முடி இருக்காது.”

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது உண்மை. அவர்கள் போய்விட்டால் என் சோப்பு சுத்தமாக இருக்கும், என் செருப்பு சுத்தமாக இருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவளை நினைத்துத்தான். அந்த ஊத்தைக்குள் அவள் தனியாக, துடைத்துவிட ஆளில்லாமல் கிடப்பாள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “மச்சான், அந்த ரோட்ல இவன் ஒரு விக்கல் விக்கினா, பின்னாடி வர்ற லாரிக்காரன் நம்ம மேல பாய் விரிச்சுப் படுத்துடுவான். இந்தத் தடவை ஒரேயடியா சரி பண்ணிக் குடுத்துடுங்க.”

சரி பண்ணுகிறேன் என்றேன்.

பிளக்கில் இரண்டு ஜாதி. ஒன்று சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், இன்னொன்று இன்ஜின் உடம்புக்குக் கடத்திவிடும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பீங்கான் கழுத்தில் எழுதிய எண் மட்டும் வேறு. தெருத்தெருவாக நின்று நின்று போகிற வண்டிக்கு முதல் ஜாதி நல்லது. அந்தச் சூட்டில் கரி தானே எரிந்துவிடும். நீண்ட சாலையில் வேகமாக ஓடுகிற வண்டிக்கு அதைப் போடக் கூடாது. சூடு போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், பிஸ்டன் உருகி, உள்ளே அப்பிக்கொள்ளும். என் தொழிலில் இது முதல் நாள் பாடம்.

பிளக் தட்டை வெளியே எடுத்து வைத்து நிதானமாகத் தேர்ந்தெடுத்தேன். இருப்பதிலேயே அதிகம் சூடு பிடிக்கிற பிளக். புத்தம் புதியது. பீங்கான் அவ்வளவு வெள்ளையாக இருந்தது. கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளைத் துளை ஒன்று உண்டு, ஜெட் என்போம். அதையும் ஓர் அளவு சின்னதாக மாற்றினேன். பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு இன்னும் ஏறும். குறைவாகக் குடித்தால் குறைவாகத்தானே அழுக்காகும்? அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று வடிகட்டியின் பஞ்சை நான் கழுவவில்லை. அந்த வண்டியின் அழுக்கு இனி என் பொறுப்பில்லை என்று பட்டது.

மிஸ்ஸிங் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஏரிக்கரையில் வேலை முடிந்து வந்த மாப்பிள்ளை பட்டறை வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“மச்சான், ஒரு விக்கல் இல்லை! உங்க கை தங்கக் கை. இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க இந்த வைத்தியத்தை?”

அவருடைய கழுத்து வியர்வை என் காலரில் பட்டது. நான் இரண்டு தடவை குளித்தேன்.

வியாழக்கிழமை அவருக்கு அரை நாள் விடுப்பு. சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கும்போது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை வெளுக்க ஆரம்பித்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் தங்கை கீழே வந்துவிட்டாள்.

“புதுசு போட்டு நாலு நாளாச்சு, என்கிட்ட காட்டவே இல்லையே. எங்க, காட்டு.”

வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள், காய்ச்சல் என்று. நான் அந்தப் பிளக்கைக் கையுறைக்குள் ஒதுக்கிக்கொண்டு, தட்டிலிருந்த வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அது தபால்காரர் வண்டியில் கழற்றியது. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

“பிஸ்கட்! அப்பாடா. இனிமே பயப்படாம பின்னாடி ஏறலாம்.”

அவள் அண்ணனிடம் அவள் கேட்டது இது ஒன்றுதான், பிளக்கைக் காட்டு என்று. ஏதோ ஒரு பிளக்கைக் காட்டினேன். காட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம் உங்கள் கோப்பில் இல்லை. நானே சொல்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் இருக்கும். வேகமாகப் போகும்போது இடதுகையில் இரண்டு விரல் கிளட்ச் பிடியின் மேல் தொட்டுக்கொண்டே இருக்கும். இன்ஜின் இறுகிப்போனால் பின்சக்கரமும் அதோடு நின்றுவிடும். அந்த நொடியில் கிளட்சை அழுத்தினால் சக்கரம் விடுபட்டு உருளும், வண்டியை ஓரம் கட்டிவிடலாம். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருந்தது. எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும் அந்த இரண்டு விரல்.

வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன். “கிளட்ச் மேல விரல் வைக்காதீங்க மாப்பிள்ளை. பிளேட் தேயுது.”

“அப்படியா? அது எனக்கே தெரியாம போய் உக்காந்துக்குது மச்சான்.”

“மாத்திக்கலாம்.”

“நீங்க சொன்னா சரி.”

அவர் நான் சொல்லி எதையும் தட்டியதில்லை. சோப்பு விஷயத்தை மட்டும் நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மாற்றிக்கொண்டிருப்பாரோ என்னவோ. அதை வாய்விட்டுச் சொல்வது எனக்கு அசிங்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் புது வீட்டைப் பார்க்கப் புறப்பட்டார்கள். தங்கை கையில் புதுத் துடைப்பமும் பினாயில் பாட்டிலும் இருந்தன.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவை கழுவிவிட்டுட்டுத்தான் உள்ள கால் வைப்பேன். உன் தங்கச்சிதானே நான்” என்றாள்.

“போச்சு, அங்கேயும் ஒரு டாக்டர்” என்றார் மாப்பிள்ளை.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பினாயில் பாட்டில் கசிந்திருக்க வேண்டும். விரலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்து, அவர் முதுகுச் சட்டையில் துடைத்தாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வண்டி சூடாகட்டும் என்று இரண்டு நிமிஷம் நிறுத்தியே ஓடவிட்டார். இரண்டு நிமிஷத்தில் ஒரு பிளக்கைக் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். எனக்கு அதற்கு ஒன்றேகால் நிமிஷம் போதும். நீல டாங்கியில் யாருடைய விரல் ரேகையோ எண்ணெயாகப் பதிந்திருந்தது. துணி எடுத்து அதைத் துடைத்தேன். “பத்திரம்” என்றேன். அவருடைய இடதுகை விரல்கள் ஐந்தும் கைப்பிடியைச் சுற்றியே இருந்தன.

இருபத்தாறாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முப்பதைத் தாண்டும் என்று நினைத்திருந்தேன். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் மேல் தப்பில்லை. நின்றுபோன சக்கரத்துக்கு முன்னால் அவர் என்ன செய்ய முடியும்? அவரை விட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கும் வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நிஜ டாக்டர். சாலையெல்லாம் பினாயில் வாடை அடித்ததாகவும் சொன்னார்கள்.

இப்போது அந்த நாலாவது வரி. “காற்றுப் பெட்டியின் அடியில் மாதக்கணக்கில் தேங்கிய ஆயில் கசடு காணப்பட்டது. வடிகட்டிப் பஞ்சில் அளவுக்கு மீறி ஆயில் இட்டதால் காற்று அடைபட்டு, பிளக் கரி பிடித்து, மிஸ்ஸிங் ஏற்பட்டு வந்திருக்கிறது. மெக்கானிக்கின் கவனக்குறைவு.” பஞ்சைச் சும்மா விட்டிருந்தால் எந்தப் பிளக்கிலும் அந்த மிஸ்ஸிங் போயிருக்கும் என்று மீசைக்காரர் என்னிடம் நேரிலேயே சொன்னார். அந்தக் கரி மாப்பிள்ளையுடையது இல்லையாம். அழுக்கு என் கையிலிருந்து போனதாம். சொல்லிவிட்டு அவர் மீசையில் ஒட்டியிருந்த டீயைத் துடைத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள் ஐயா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கழுவியது அது. பெட்ரோலில் ஒரு முறை, சோப்பில் ஒரு முறை. கழுவியதிலிருந்து எப்படி அழுக்கு வரும்?

கவனக்குறைவு என்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தவறான பிளக்கை அறியாமல் போட்டுவிட்டானாம். ஆறு நாள் தனியாகப் போய் வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, வேண்டுமென்றே செய்திருந்தால் முதல் நாளே ஆகியிருக்காதா என்று நீங்களும் அவர் பக்கம் பேசினீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஜெட் நான் அளந்து போட்டது. இன்னும் ஓர் அளவு குறைத்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். குறைக்கவில்லை. தனியாகப் போகும்போது மாப்பிள்ளை தூங்கி வழிந்துகொண்டு மெதுவாகப் போவார். அவள் பின்னால் இருந்தால்தான் முறுக்குவார். ஒருவர் பாரத்துக்கு அந்தச் சூடு போதாது. இரண்டு பேர் பாரத்துக்கு, அவள் ஐம்பத்திரண்டு கிலோ, சரியாக வரும். நான் கணக்குப் போட்டது இரண்டு பேருக்கு. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

இதை எழுதிக்கொண்டு அந்த வரியை அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். என் பட்டறையிலிருந்து அழுக்கு போனது என்று மட்டும் ஒரு காகிதத்தில் இருக்கக் கூடாது.

அந்தப் பாலிதீன் உறையில் இருப்பது அந்தப் பிளக்தானே? உங்கள் விரல் ஈரமாக இருக்கிறது ஐயா, நீங்கள் தொட வேண்டாம், நானே எடுக்கிறேன். ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். பாருங்கள். ஒரு புள்ளி கரி இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. முனையில் கடுகு மாதிரி வெள்ளி மணிகள், அது பிஸ்டன் உருகித் தெறித்தது. மற்றபடி எலும்பு மாதிரி வெள்ளை. அந்த வண்டியிலிருந்து இவ்வளவு சுத்தமான பிளக் ஒருநாளும் வந்ததில்லை.

தங்கச்சியிடம் காட்டாமல் நான் எதையும் ஒதுக்கி வைத்ததில்லை. இதையும் அவளிடம்தான் முதலில் காட்டியிருப்பேன்.